காணாக்கடியும் காய்ச்சல் மருந்தும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஓர் இளம் தாயார் தன் மகளை என்னிடம் அழைத்து வந்தார். குழந்தையின் முழங்கையிலும் வயிற்றிலும் எட்டணா அகலத்துக்குத் தடிப்புகள். "மாமா, நீங்க மருந்துக்கடையில இருந்தவர்தானே? இது காணாக்கடியா, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "நேற்று, இன்று ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" காய்ச்சலுக்குக் கொடுத்தாராம். என்ன மருந்து? "ஆரஞ்சு கலர்ல, இனிப்பா இருக்குமே, அது."

ஆரஞ்சு நிறத்தில் இனிப்பாக இருக்கும் காய்ச்சல் மருந்துகள் கடையில் டஜன் கணக்கில் உண்டு. நல்ல வேளையாக அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலைக்குள் தடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் இதைப் பற்றி நம் இதழில் எழுதுங்கள் என்று சங்க நண்பர்கள் சொன்னதும் நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேல் இந்த ஊரில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். அப்படிப்பட்ட நானே என் சொந்தப் பேரன் விஷயத்தில் கோட்டை விட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் வருடம் ஆகஸ்டு மாதம். புனே மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயாது, வீட்டுக்கு ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கும். பேரனுக்கு அப்போது 6 வயது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனபின், அவன் ராஸ்தா பேட்டில் எங்கள் வீட்டில்தான் இருப்பான். அன்று 102 டிகிரி. வீட்டில் இருந்த இபுப்ரோஃபென் சிரப்பை என் கையாலேயே அளந்து கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவனுடைய இரண்டு கண் இமைகளும் பணியாரம் போல உப்பிவிட்டன. முதுகிலும் தடிப்பு.

பக்கத்து வீட்டு ஆஜி எட்டிப் பார்த்து, "பித்த உட்லய்" என்றார். என் மனைவி அதைப் பித்தம் என்று எடுத்துக்கொண்டு, இஞ்சி தட்டிச் சாறு பிழியப் போய்விட்டாள். மராத்தியில் 'அங்காவர் பித்த உட்ணே' என்றால் வாந்தியோ தலைசுற்றலோ அல்ல. உடம்பில் திடீரென்று அரிப்போடு தடிப்புக் கிளம்புவது. நம் ஊரில் காணாக்கடி என்பதும் இதையேதான். வீட்டில் நடந்த விசாரணையில் கடைசியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியது முந்தின நாள் வைத்த கத்திரிக்காய்க் கூட்டு. செட்டிரிசின் கொடுத்தோம். மறுநாள் காலையில் இமை வடிந்துவிட்டது. மருந்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். அதே மருந்தை அவன் முன்பு இரண்டு மூன்று முறை ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டிருக்கிறானே என்பது என் சமாதானம். முன்பு ஒத்துக்கொண்ட மருந்து பின்னால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று படித்தவன்தான் நான். படித்தது சமயத்துக்கு உதவவில்லை.

இந்தப் பெயர்களை நினைத்தால் எனக்கு இப்போது வேடிக்கையாக இருக்கிறது. மராத்திக்காரர்கள் பித்தத்தின் மேல் பழி போட்டுப் பெயர் வைத்தார்கள். நாம் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் மேல் பழி போட்டோம். வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று என் அம்மா சொல்வாள், சரியாகவும் ஆகும். ஏனென்றால் இந்தத் தடிப்புகளில் பெரும்பாலானவை, ஒன்றும் செய்யாவிட்டாலும் சில மணி நேரத்தில் தாமாகவே மறைந்துவிடும். வைத்தியம் பலித்தது என்று வெற்றிலைக்குப் பெயர் கிடைக்கிறது. உண்மையான காரணம் மருந்து அலமாரியிலேயே பத்திரமாக இருந்துவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, அடுத்த மே மாதம் வரை. ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் கும்பகோணம் போயிருந்தோம். ரயில் அலைச்சலோ, வெயிலோ, இரவு 9 மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல். நான்தான் கடைக்குப் போனேன். கிடைத்த சிரப்பில் மெஃபனாமிக் அமிலமும் பாரசிட்டமாலும் கலந்திருந்தன. பெயரைப் படித்தேன். இது வேறு மருந்துதானே என்று வாங்கி வந்து கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் உதடு தடித்தது. இருமல் ஆரம்பித்தது, பிறகு மூச்சில் விசில் சத்தம். குரல் மாறி, "தாத்தா, தொண்டையில ஏதோ இருக்கு" என்றான். ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போன அந்தப் பத்து நிமிடத்தை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. இரவு முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள். பணியில் இருந்த இளம் டாக்டர், "இதற்கு முன்னால் எப்போதாவது முகம் வீங்கியிருக்கிறதா?" என்று கேட்டபோதுதான், ஒன்பது மாதம் கழித்துக் கத்திரிக்காய் விடுதலையானது.

இரண்டும் வேறு வேறு மருந்துகள். அப்படியிருக்க ஒன்று ஒத்துக்கொள்ளாதவனுக்கு மற்றதும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும். 1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கிய நாளிலிருந்து புனேக்காரர்களுக்குப் பென்சிலின் வீட்டுப் பெயர். பென்சிலின் விஷயத்தில் உடம்பு அந்த மருந்தையே எதிரியாக அடையாளம் கண்டு தாக்குகிறது. வலி, காய்ச்சல் மருந்துகளில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் தொந்தரவு இந்த வகை அல்ல. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் ஆகியவை வெவ்வேறு ரசாயனங்களானாலும் அவை செய்யும் வேலை ஒன்றே. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியை அடைத்து, காய்ச்சலையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியைக் குறைக்கின்றன. இதை 1971-ல் கண்டு சொன்ன ஜான் வேன் என்ற ஆங்கிலேயருக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது.

காவிரிப் பக்கத்து உதாரணமாகவே சொல்கிறேன். ஒரு வாய்க்காலிலிருந்து இரண்டு மடைகள். ஒன்றை அடைத்தால் தண்ணீர் மற்றதில் பாயும். புரோஸ்டாகிளாண்டின் மடையை மருந்து அடைத்ததும் சிலருடைய உடம்பில் லூக்கோட்ரையீன் என்ற பொருள் அதிகமாகச் சுரக்கிறது. அது ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும், மூச்சுக் குழாய்களைச் சுருக்கும். இமை வீக்கமும் தடிப்பும் இரைப்பும் இப்படித்தான் வருகின்றன. மடையை அடைத்தது மண்வெட்டியா, பலகையா என்று தண்ணீர் கேட்பதில்லை. ஆகவேதான் வாழ்க்கையில் முதன்முறையாகச் சாப்பிடும் மருந்துகூட அப்படிப்பட்ட குழந்தையைத் தாக்கிவிடுகிறது. போலந்து நாட்டு மருத்துவர் ஆண்ட்ரே ஷ்செக்லிக் 1975-லேயே, ஆஸ்பிரினால் ஆஸ்துமா வருபவர்களுக்கு இந்த நொதியை அடைக்கும் மற்ற மருந்துகளும் இரைப்பைக் கிளப்பும் என்று காட்டிவிட்டார். பாரசிட்டமால் இந்த நொதியை லேசாகத்தான் தொடும் என்பதால், இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது சரியான அளவில் ஒத்துக்கொள்ளும். எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு மருந்து மட்டும் ஆகாத குழந்தைகளும் உண்டு. அது பென்சிலினைப் போன்ற உண்மையான ஒவ்வாமை. உங்கள் குழந்தை எந்த வகை என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். அது தெரியும்வரை 'கம்பெனி மாற்றிப் பார்க்கலாம்' என்று நாமாக இறங்கக் கூடாது.

கம்பெனி என்றதும் அட்டைப் பெட்டிக்கு வருவோம். நாம் மருந்தைப் பிராண்டுப் பெயரால்தான் அறிகிறோம். குரோசினும் கால்பாலும் பாரசிட்டமால். புரூஃபென் என்பது இபுப்ரோஃபென். காம்பிஃபிளாமிலும் ஐபுஜெசிக் பிளஸ்ஸிலும் இபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டும் இருக்கின்றன. மெஃப்டால் என்பது மெஃபனாமிக் அமிலம். டிஸ்பிரின் என்பது ஆஸ்பிரின். வயதுக்கு வந்த பெண் குழந்தைகள் மாதாந்திர வலிக்கு அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் மெஃப்டால் ஸ்பாஸிலும் மெஃபனாமிக் அமிலமே இருக்கிறது. சிறு வயதில் காய்ச்சல் சிரப்பால் இமை வீங்கிய பெண்ணுக்கு, பதின்மூன்று வயதில் இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது அந்தப் பழைய கதை யாருக்கு ஞாபகம் வரும்? ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டியது மருந்தின் மூலப் பெயர். 2018-ல் கொண்டுவந்த விதிப்படி ஒற்றை மருந்தாக இருந்தால் அந்தப் பெயரைப் பிராண்டுப் பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும். கலவை மருந்துகளில்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டியிருக்கும். அட்டையைப் படிக்கச் சோம்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல முடியாது. நான் படித்துவிட்டே தவறியவன்.

ஊரிலிருந்து வரும் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டி, மாமியார், சித்தி என்று யார் வந்தாலும் ஊறுகாய், வடகத்தோடு "நம்ம டாக்டர் எழுதிக்கொடுத்தது" என்று ஒரு மருந்துப் பொட்டலமும் வரும். பாட்டில் பழையது, சீட்டு அதைவிடப் பழையது. நிமசுலைடு என்ற மருந்தை ஒரு காலத்தில் குழந்தைகளின் காய்ச்சலுக்கு நாடு முழுவதும் சர்வ சாதாரணமாக எழுதினார்கள். கல்லீரலைத் தாக்குகிறது என்று 2002-ல் ஃபின்லாந்திலும் ஸ்பெயினிலும் விற்பனையை நிறுத்தினார்கள். நம் நாட்டில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கூடாது என்று 2011 பிப்ரவரியில்தான் தடை வந்தது. இடைப்பட்ட ஒன்பது வருடங்களில் என் கையால் எத்தனை பாட்டில் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. சீட்டில் எழுதியிருந்தது, கொடுத்தேன். அந்தக் காலத்துச் சீட்டை எடுத்துக்கொண்டு யாராவது உங்கள் குழந்தைக்கு மருந்து வாங்கப் போனால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது ஓரிரு மணி நேரத்துக்குள் வருவது. மெதுவாக வருவதும் உண்டு. அதற்குத்தான் நம்மவர்கள் வேறு ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். மருந்து கொடுத்துச் சில நாட்கள், ஏன், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக்கூட, காய்ச்சலோடு உடம்பில் செம்புள்ளிகள் தோன்றிக் கொப்புளமாகும். வாய்க்குள் புண், உதட்டில் பொருக்கு, கண் சிவந்து பீளை கட்டும், தோல் தொட்டால் வலிக்கும், சில இடங்களில் உரியும். 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதை இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதினார்கள். நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. மிக அரிதானது, ஆனால் உயிருக்கும் கண் பார்வைக்கும் ஆபத்தானது. இதைப் பார்த்து 'அம்மை போட்டிருக்கிறது' என்று வேப்பிலை கட்டி, டாக்டரிடம் போகாமல் வீட்டில் படுக்க வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வாய்க்குள் புண்ணும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், வீட்டு நம்பிக்கை எதுவானாலும், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கொடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மருந்துகளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பாரசிட்டமாலும் இதற்கு முழு விலக்கல்ல. அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2013-ல் அதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

மெஃபனாமிக் அமிலத்தைப் பற்றி நம் நாட்டிலேயே ஓர் எச்சரிக்கை வந்தது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அதை வெளியிட்டது. எங்கள் கும்பகோணம் சம்பவத்துக்கு ஆறு மாதம் கழித்து. மருந்து தொடங்கி சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெங்கும் சொறி, நெறிகட்டு, கல்லீரல் பாதிப்பு என்று வரக்கூடிய, டிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு விளைவைப் பற்றியது அது. என் பேரனுக்கு வந்தது அந்த வகை அல்ல. ஆனாலும் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, இவ்வளவும் படித்துவிட்டு யாரும் பயந்து மருந்தையே ஒதுக்கிவிட வேண்டாம். அதையும் பார்த்திருக்கிறேன். கட்கியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குழந்தைக்கு 2 வயதில் காய்ச்சலின்போது உடம்பெல்லாம் சிவந்து பொரிந்தது. பாரசிட்டமால்தான் காரணம் என்று யாரோ சொல்ல, ஐந்து வருடம் அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஈரத்துணியும் கண்ணீரும்தான். பிறகு ஒரு நிபுணர் விசாரித்ததில், மருந்து கொடுப்பதற்கு முன்னாலேயே புள்ளிகள் வந்திருந்தன என்று தெரிந்தது. வைரஸ் காய்ச்சல்களே குழந்தைகளுக்குத் தோலில் பொரிப்பை உண்டாக்கும்; மருந்து பக்கத்தில் நின்ற பாவத்துக்குப் பழி சுமக்கும். சந்தேகப்பட்டுப் பரிசோதித்த குழந்தைகளில் கணிசமானோருக்கு அந்த மருந்து உண்மையில் ஒத்துக்கொள்கிறது என்பதே மருத்துவர்களின் அனுபவம். ஆஸ்துமா உள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு இபுப்ரோஃபென் ஒன்றும் செய்வதில்லை. ஆயினும் அவர்களுக்கு முதல்முறை கொடுக்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கண்டுபிடிக்க நம்பகமான வழி மருத்துவமனையில் வைத்துச் செய்யும் சோதனைதான். மடை அடைப்பு வகை ரத்தப் பரிசோதனையிலோ தோல் பரிசோதனையிலோ தெரியாது. மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்து, பக்கத்தில் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கண்காணிப்பார்கள். வீட்டில் இதை ஒருபோதும் முயலக் கூடாது. என் பேரனுக்கு 2024-ல் புனேயில் பாரசிட்டமாலுக்கு இப்படிச் செய்தார்கள். காலையிலிருந்து மாலை வரை அவன் படம் வரைந்துகொண்டிருந்தான்; நான் அவன் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவனுக்குக் காய்ச்சல் வந்தால் வெறும் பாரசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில். அந்த அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பிராண்டில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250-உம் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். டெங்குக் காலத்தில் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சலுக்கு இபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ கூடாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். அது ஒவ்வாமையால் அல்ல, ரத்தக்கசிவு பயத்தால்.

தடிப்பு வந்துவிட்டால் அந்த மருந்தை நிறுத்துங்கள். தடிப்பு மட்டுமே என்றால் டாக்டரைக் கேட்டு செட்டிரிசின் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். இருமல், இரைப்பு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், அடுத்தடுத்து வாந்தி, முகம் வெளுத்துத் துவண்டுபோதல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் செட்டிரிசினை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான். 108 மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே எண். குழந்தையை நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் மட்டும் உட்கார வையுங்கள். சரியானதும் உடனே வீட்டுக்குப் புறப்பட வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். அதோடு, பதற்றத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தடிப்பு டாக்டரிடம் போவதற்குள் மறைந்துவிடும். படம் மறையாது, நேரமும் அதில் பதிந்திருக்கும். மருந்துப் பெட்டியையும் படம் எடுங்கள்.

இங்கே வந்து சில மாதங்களே ஆனவர்களுக்கு டாக்டரிடம் சொல்லச் சில மராத்திச் சொற்கள்: காய்ச்சல் 'தாப்', அரிப்பு 'காஜ்', வீக்கம் 'சூஜ்', பொரிப்பு 'புரள்', மூச்சு வாங்குவது 'தம் லாக்தோ'. 'பித்த' என்று கேட்டால் இஞ்சியைத் தேடாதீர்கள்.

இப்படி ஒரு மருந்தால் தொந்தரவு வந்தால் அதைப் பொதுமக்களே அரசுக்குத் தெரிவிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. காஜியாபாத் ஆணையத்தின் கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் மராத்தியிலும் கிடைக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான மையங்கள் உண்டு. பேரனுக்காக நான் தமிழ்ப் படிவத்தை நிரப்பினேன். கும்பகோணத்து மருந்தை எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கொடுத்தேன் என்பதை யோசிக்காமல் எழுத முடிந்தது. ராஸ்தா பேட்டில் கொடுத்த முதல் மருந்தின் தேதி மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஆகஸ்டு என்று மட்டும் எழுதினேன்.